பேசிக்கொண்டேயிருந்த மௌனப்படம்

பேருந்து நிலையத்துக்கு வந்துபோகிறவர்கள் யாருக்கும் அறிவிப்பு அக்காவின் முகம் தெரியாது. நடைமேடைகளுக்கு மேலே, கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பெட்டி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பணிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கீழே இஞ்சின்கள் உறுமும், ஹாரன்கள் அலறும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அத்தனைக்கும் நடுவே ஒரு சொல் சிதறாமல் போய்ச் சேர வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "கத்தினா யாருக்கும் கேக்காது. ஒவ்வொரு எழுத்தையும் அது அது இடத்துல வெச்சுப் பேசு, ஊரே கேக்கும்."

ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்கார அவருக்குக் கை வரவில்லை. அதைவிட, வாய் வரவில்லை. மாவு மில்லில் கணக்கராக இருந்து அதே சமயத்தில் ஓய்வு பெற்ற அவர் கணவர் ஒரு கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, நூலக மாடியில் கூடும் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். ஒரு மாலை அக்காவும் கூடப் போனார். யாரோ ஒருவர் புகைப்படக்கலையின் வரலாறு பற்றி எழுதிக் கொண்டுவந்திருந்ததைத் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது, தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை எப்படி வைத்தார்கள், போட்டோ காகிதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவை ஏன் பூசினார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் கவ்வி இல்லாமலே தலை தொங்கி உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்ற விஷயம் தங்கம்ங்க," என்றார் அக்கா, படியிறங்கும்போது. "சொல்ற விதம்தான் தகரம்."

"அப்ப நீ சொல்லேன்," என்றார் கணவர், விளையாட்டாக.

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் புகைப்படம், சினிமா என்று எந்தப் புத்தகம் இருந்ததோ அத்தனையையும் எடுத்துவந்து படித்தார். புரியாததைப் புகைப்படச் சங்கத்துக்காரர்களை வழிமறித்துக் கேட்டார். பிறகு மில்லில் ஓய்வு பெற்றவர்களின் கூட்டத்தில் முதல் தடவையாகப் பேசினார். கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போனது.

அதன் பிறகு அக்காவுக்கு ஓய்வு என்பது பேச்சளவில்தான். செவிலியர் சங்கம், தோட்டக்காரர் சங்கம், பெரியவர்கள் நடைப்பயிற்சிக் குழு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். கேட்கிறவர்கள் என்ன தொழிலோ அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது அவருடைய கெட்டிக்காரத்தனம். தையல்காரர்களிடம் போனால், படச்சுருள் நின்று நின்று நகர்கிற அசைவும் தையல் இயந்திரத்தில் துணி நின்று நின்று நகர்கிற அசைவும் ஒரே குடும்பம் என்பார். பேக்கரிக்காரர்களிடம் போனால், "காகிதத்துக்கு வெள்ளைக்கருவெல்லாம் போயிடுச்சு, மஞ்சள்கருவை என்ன பண்ணியிருப்பாங்க? உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் தேடியிருப்பாங்க!" என்பார். அதற்குப் பிறகு அவர்கள் அக்காவின் பக்கம்.

கணவர் புரொஜெக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார். விளக்கை அணைப்பார், படங்களை மாற்றுவார். "மில்லுல கணக்கு எழுதினப்போ எனக்கு ஒரு முதலாளிதான்," என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார். "இப்பவும் ஒருத்தர்தான். ஆனா இவங்க சத்தம் நல்லா கேக்குது."

பேச்சின் உச்சம் எப்போதும் ஒரே இடம். ஒலியில்லாத படங்களின் காலத்தை முடித்துவிட்டு அக்கா சட்டென்று நிறுத்திவிடுவார். மண்டபம் காத்திருக்கும். பிறகு, மைக்கை ஒதுக்கிவிட்டு, பேருந்து நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குரலில், "ஒரு நாள் சினிமா பேசிற்று!" என்பார். கடைசி வரிசையில் இருப்பவர்கள்கூட ஒரு குலுங்கு குலுங்குவார்கள். கைதட்டல் சொல்லி வைத்தாற்போல் வரும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தொலைபேசி வந்தது. பேசியவள் ஒரு இளம்பெண். காது கேளாதோர் சங்கத்தின் சார்பில் கூப்பிடுவதாகவும், தன் அம்மா அப்பா இருவரும் அந்தச் சங்கத்தவர்கள் என்றும், தான் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்பவள் என்றும் சொன்னாள். "உங்க பேச்சைப் பத்திக் கேள்விப்பட்டோம்மா. எங்களுக்கும் வந்து பேசணும்."

அக்கா யோசிக்கவே இல்லை. "வர்றேம்மா. எப்பன்னு சொல்லு."

தொலைபேசியை வைத்ததும் கணவர் கேட்டார்: "ஏம்மா, காது கேக்காதவங்ககிட்ட நீ என்னத்தப் பேசுவே?"

"படம் காட்டித்தானே பேசுறேன்? அவங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

"உனக்குக் குரலை விட்டா என்ன இருக்கு?"

"நீங்க பெட்டியைத் துடைச்சு வைங்க," என்றார் அக்கா. அத்துடன் அந்த விவாதம் முடிந்தது.

சங்கத்தின் கூடம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. படியேறும்போது, அமைதியான இடமாக இருக்கும் என்றுதான் அக்கா நினைத்தார். கதவைத் திறந்தால் ஒரே ரகளை. நாற்காலிகள் தரதரவென்று இழுபட்டன; கோப்பைகள் மேசையில் டமால் டமாலென்று விழுந்தன; சிரிப்பு வாய்விட்டு வெடித்தது. சத்தம் போடுகிறோமே என்ற கவலை அங்கே யாருக்கும் இல்லை. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வளைவாகப் போட்டிருந்தார்கள்; எல்லாரும் எல்லாருடைய கைகளையும் பார்க்க வேண்டுமே. செயலாளர் அதே அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளை முடிக்காரர். அவர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்கா வணக்கம் சொன்னார். மொழிபெயர்க்கும் பெண்ணின் கைகள் அசைந்தன. முதல் படம் திரையில் வந்தது. கணவர் வழக்கம்போல் போய் விளக்கை அணைத்தார்.

மறுநொடி மரத் தரையில் ஐம்பது கால்கள் தடதடவென்று மிதித்தன. கட்டடமே அதிர்ந்தது. கணவர் ஏதோ இடிந்து விழுகிறது என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"விளக்கைப் போடுங்க சார்!" என்று கத்தினாள் அந்தப் பெண். "நான் இருட்டுல நின்னா, நீங்க பேசுறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

விளக்கு எரிந்தது. கணவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கூடமோ விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து பெண்ணின் பக்கம் திருப்பி வைத்தார். மறுபடி ஆரம்பித்தார்கள்.

அடுத்த சிக்கலை அக்காவே கண்டுபிடித்தார். திரையையும் கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க யாருக்கும் இரண்டு ஜோடிக் கண்கள் இல்லை. படத்தைக் காட்டிக்கொண்டே பேசினால் ஒன்று படம் போகும், அல்லது பேச்சு போகும். ஆகவே முதலில் சொல்லிவிட்டு, பெண் முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் படத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு ஒரு மூச்சு தாமதித்து வந்தது. அதற்கும் பழகிக்கொண்டார், தாமதங்களைப் பற்றி அவருக்குத் தெரியாததா! கழுத்துக் கவ்வியின் படத்தைக் காட்டியபோது ஒரு கிழவர் எழுந்து, கவ்வி மாட்டிய மாப்பிள்ளையாக விறைத்து நடித்துக் காட்டினார். அக்காவுக்கு நிம்மதி வந்தது. இந்தக் கூட்டமும் நம் கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பேச்சின் இரண்டாம் பாதியில் அவர் எப்போதும் ஒரு சின்னத் துண்டுப் படத்தைப் போடுவார். படச்சுருள் காப்பகத்தில் கேட்டு வாங்கியது. முழுப்படம் அழிந்துபோய் அந்த ஒரு காட்சி மட்டும் மிஞ்சியிருந்தது. தோட்டத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஒருவன் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்கிறாள். பிறகு எழுத்து வருகிறது: "உன்னைப் பிரிந்து நான் உயிர் வாழ்வேனோ?" எல்லாச் சங்கங்களிலும் இந்த இடத்தில் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

இங்கே சிரித்தார்கள். எழுத்து வருவதற்கு முன்பே ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது; அங்கிருந்து கைகள் அசைய அசைய அது கூடம் முழுக்கப் பரவியது. அக்கா தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கணவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். சரி, போகட்டும் என்று அக்கா மேலே நடந்தார். உச்சம் வருகிறதே, அங்கே ஒரு கை பார்த்துவிடலாம்.

நிறுத்தினார். காத்திருந்தார். மைக்கை ஒதுக்கினார்.

"ஒரு நாள் சினிமா பேசிற்று!"

பெண்ணின் கைகள் அதைச் சொல்லி முடித்தன. கூடம் அசையவில்லை. ஒருவரும் குலுங்கவில்லை, ஒரு கையும் உயரவில்லை. அக்காவின் குரல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி அவர் காதிலேயே வந்து விழுந்தது.

வெள்ளை முடிச் செயலாளர் எழுந்தார். அவர் கைகள் நிதானமாகப் பேசின, பெண் அவர் குரலாக நின்று சொன்னாள்: "அம்மா, நீங்க இவ்வளவு நேரம் சொன்னது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அக்கா தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதே இல்லை. தெரியாமல் சொன்னால் யாரோ தப்பான வண்டியில் ஏறிவிடுவார்கள். "தெரியாதுங்க," என்றார். "அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்ல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறேன்." சொல்லிவிட்டு மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் முன்னால் வந்தார்.

"எங்க அப்பாவுக்கும் காது கேக்காது. அவர் பையனா இருந்தப்போ வாரம் தவறாம சினிமாவுக்குப் போவாராம். அவரை மாதிரியே ஏழெட்டுப் பேரு. முன் வரிசை பூரா அவங்கதான். ஊர்ல வேற எங்க போனாலும் அவங்களை ஒதுக்கித்தான் வைப்பாங்க. கொட்டகைக்குள்ள மட்டும் எல்லாரும் சமம். யாருக்குமே ஒண்ணும் கேக்காது, எல்லாருக்கும் எழுத்து வரும். படிக்கத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்துகிட்டு, என்ன எழுதியிருக்குன்னு எங்க அப்பாகிட்டயே கேப்பாங்களாம். அவர் கையாலயே நடிச்சுக் காட்டுவாராம். அப்புறம் ஒரு வாரம் போனாரு. எழுத்து வரல. சனங்க சிரிக்கிறாங்க, கைதட்டுறாங்க, இவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாதியில எந்திரிச்சு வந்துட்டாங்க. எங்க அப்பா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கொட்டகைப் பக்கம் போகல. நீங்க சினிமா பேசிச்சுன்னு சொல்றீங்க. எங்க வீட்டுல, சினிமா எங்ககூடப் பேசுறதை நிறுத்திடுச்சுன்னு சொல்லுவோம்."

அக்கா எத்தனையோ மேடைகளில் எவ்வளவு சந்தோஷமாக அந்த வரியைச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். ஆனால் அதற்காக முகம் வாடி உட்காருகிற ஆள் இல்லை அவர். தங்கமான விஷயம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"இதை இனிமே எங்க பேசினாலும் சொல்லுவேன்," என்றார். "உங்க அப்பா கதைன்னே சொல்லுவேன். சொல்லலாமா?"

செயலாளர் தலையசைத்தார்.

"அப்ப எனக்கு இன்னொண்ணும் சொல்லிடுங்க. அந்தத் தோட்டத்துக் காட்சியில ஏன் சிரிச்சீங்க? இந்த ஊமைப்படத்தைப் பார்த்து இதுவரைக்கும் யாருமே சிரிச்சதில்ல."

மொழிபெயர்க்கும் பெண் சற்றுத் தயங்கி, "அந்த வார்த்தை இங்க வேண்டாம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "ஊமைன்னு எங்களைத் திட்டுறவங்கதான் சொல்லுவாங்க."

"ஐயோ, ஆமாம்ல. மௌனப்படம்."

இதைப் பெண் கைகளில் சொன்னதும், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த அம்மாள் வேகமாக எழுந்தார். நாற்காலி மெத்தைகளும் திரைச்சீலைகளும் தைப்பவர், எல்லாருக்கும் மெத்தைக்காரம்மா. அவர் கைகள் படபடத்தன. பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மௌனம்னு யாரு சொன்னதுன்னு கேக்கிறாங்க. அந்த ரெண்டு பேரும் வாய் ஓயாம பேசிக்கிட்டுதானே இருக்காங்கங்கிறாங்க."

"என்ன பேசுறாங்க?"

மெத்தைக்காரம்மா திரையைக் காட்டினார். மறுபடி போடச் சொல்கிறார் என்று புரிந்தது. கணவர் போட்டார். நாயகன் மண்டியிட்டான், உதடுகள் அசைந்தன. மெத்தைக்காரம்மாவின் கைகளும் கூடவே அசைந்தன.

"'சீக்கிரம் முடிக்கச் சொல்லு, முட்டிக்கு அடியில கல்லு குத்துது'ங்கிறான்," என்றாள் பெண்.

நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உதடுகள் அசைந்தன.

"'வெங்காயம் தின்னுட்டா வந்தே?'ங்கிறா."

"உன்னைப் பிரிந்து நான் உயிர் வாழ்வேனோ?" என்று எழுத்து வந்தது.

அக்கா சிரித்த சிரிப்பில் மேடை விளிம்பிலிருந்து நழுவிக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்து நிமிர்ந்தபோது கூடம் முழுக்க உயர்ந்த கைகள். விரல்கள் இலைகளைப் போல் அசைந்துகொண்டிருந்தன. எல்லாரும் ஏதோ கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்து அக்கா, "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா," என்றார்.

"கேள்வி இல்லம்மா. அதுதான் எங்க கைதட்டல்," என்றாள் பெண்.

தேநீர் நேரத்தில் மெத்தைக்காரம்மா அக்காவுக்கு நேரெதிரே வந்து நின்றார். பெண் பக்கத்தில் இல்லை. மெத்தைக்காரம்மா அக்காவின் வாயைச் சுட்டிக்காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். அக்காவுக்கு விளங்கவில்லை. பெண் ஓடிவந்தாள்.

"உங்க வாய் அச்சடிச்ச மாதிரி இருக்காம். காது கேக்குறவங்க முக்கால்வாசிப் பேரு வாயிக்குள்ளயே பேசுவாங்க, மென்னு முழுங்குவாங்க, குனிஞ்சுக்குவாங்க. நீங்க ஒவ்வொரு எழுத்தையும் வெளியில எடுத்து வெக்கிறீங்களாம். பாதி நேரம் என்னைப் பார்க்காம உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்களாம்."

ஊரே அக்காவின் குரலைப் புகழ்ந்திருக்கிறது. வாயை யாரும் புகழ்ந்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா கணவரிடம் அதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர், "அச்சடிச்ச வாய்தான். பதிப்பு நிக்கிறதே இல்ல," என்றார்.

அந்த வாரமே அக்கா மெத்தைக்காரம்மாவின் பட்டறைக்குப் போனார், பெண்ணையும் அழைத்துக்கொண்டு. பஞ்சுப் பொதிகளுக்கும் ஸ்பிரிங் சுருள்களுக்கும் நடுவே ஒரு வயிறு கிழிந்த சோபாவில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இனி தோட்டத்துக் காட்சி வரும்போது மேடையில் அவரும் நிற்க வேண்டும். உதடுகள் என்ன பேசுகின்றன என்று அவர் கைகளால் சொல்ல, பெண் அதைக் குரலில் சொல்ல வேண்டும்.

மெத்தைக்காரம்மா வாயிலிருந்த ஆணிகளை எடுத்து வைத்துவிட்டு யோசித்தார்.

"அக்கா, ஒரு விஷயம்," என்று அவருக்காகப் பேசினாள் பெண். "எனக்கு எல்லாமே தெரியும்னு மேடையில சொல்லிடாத. பாதிதான் உதட்டுல தெரியும். மீதியை அவங்க மூஞ்சி, கை, இருக்கிற இடம் எல்லாத்தையும் வெச்சு ஊகிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் உதட்டுல ஒண்ணுதான், தெரியுமா? கண்ணாடியில சொல்லிப் பாரு."

அக்கா சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். அப்பா. அம்மா. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. இரண்டும் அச்சு அசல் ஒன்றே. இத்தனை வருடம் வாயை வைத்துப் பிழைத்தவருக்கு இது தெரியாமலே போயிருக்கிறது. பட்டறையை விட்டுக் கிளம்பும்வரை கண்ணாடியைப் பார்த்து ஏதேதோ வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அதிலிருந்து பேச்சு வேறு பேச்சாயிற்று. மைக்கை ஒதுக்கிவிட்டு முழங்கும் வரி அப்படியே இருந்தது. அதை அக்கா விடவில்லை. ஆனால் கைதட்டல் அடங்கியதும், "இப்ப முன் வரிசையில உக்காந்திருந்த ஒரு பையனைப் பத்திச் சொல்றேன்," என்று செயலாளரின் அப்பா கதையைத் தொடங்குவார். அப்போது மண்டபத்தில் விழுகிற அமைதி, பழைய கைதட்டலைவிட அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு மெத்தைக்காரம்மா மேடையேறுவார், வெங்காயம் வரும், மண்டபம் உருளும். ஒருவரை அழைத்த சங்கங்கள் இப்போது மூவரையும் சேர்த்தே அழைத்தன.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற அதிகாரிகள் சங்கத்தில், தலைவராக இருந்த ஒரு பொறியாளர் காட்சி முடிந்ததும் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கத்தி போல.

"சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா இதையெல்லாம் நீங்களா கட்டிவிடலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? படத்துல இருக்கிறவங்க வந்தா சாட்சி சொல்லப் போறாங்க?"

மண்டபம் சங்கடத்தில் நெளிந்தது. அக்கா நெளியவில்லை. "நியாயமான கேள்விங்க. சோதிச்சுப் பாருங்க."

"எப்படி?"

"அதோ கண்ணாடிக் கதவு. வெளியில போய் நின்னு ஒரு வாக்கியம் சொல்லுங்க. எங்களுக்கும் கேக்காது, அவங்களுக்கும் கேக்காது."

பொறியாளர் விறுவிறுவென்று போய், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்று உதடுகளை அசைத்தார். மெத்தைக்காரம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு ஏனோ முன் வரிசைப் பக்கம் ஒரு பார்வை போனது. பொறியாளர் திரும்பி வந்ததும் அவர் கைகள் அசைந்தன. பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரு பேசினாங்களாம். யாரு சொன்னதை முதல்ல சொல்லணும்னு கேக்கிறாங்க."

"நான் சொன்னதைச் சொல்லட்டும்," என்றார் பொறியாளர்.

"'எங்க அம்மா ரொம்ப நல்லா பாடுவாங்க.' இல்லேன்னா 'எங்க அப்பா'. அது ரெண்டும் உதட்டுல ஒண்ணுதானாம். அதை மட்டும் உறுதியாச் சொல்ல மாட்டாங்களாம்."

பொறியாளரின் புருவம் மெல்ல ஏறியது. "அப்பா," என்றார். "அப்பாதான் சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "இன்னொருத்தர் யாரு?" என்றார்.

"முன் வரிசையில உங்க வீட்டம்மா. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட, 'வீட்டுலயும் இப்படித்தான், சோதிச்சுப் பார்க்காம ஒரு வாய் காபி குடிக்க மாட்டாரு'ன்னாங்களாம்."

மண்டபத்தின் கூரை பறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பொறியாளர் முதலில் சிவந்தார், பிறகு அவரும் அடக்க மாட்டாமல் சிரித்து, மேடைக்கு வந்து மெத்தைக்காரம்மாவின் கையைக் குலுக்கினார். அடுத்த கூட்டத்துக்கும் அவர்களையே கூப்பிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து, மெத்தைக்காரம்மா மேடையில் இருக்கும்போது முன் வரிசைக்காரர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அன்றைய கூட்டத்தில் படச்சுருள் காப்பகத்தின் பொறுப்பாளரும் இருந்தார். குறைவாகப் பேசுகிற, பெரிய கண்ணாடி போட்ட பெண்மணி. நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "எங்ககிட்ட இந்த மாதிரி துண்டுகள் நிறைய இருக்குங்க," என்றார். "எந்தப் படம்னே தெரியாதது. என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சா எங்களுக்குப் பெரிய உதவி. வர முடியுமா?"

போனார்கள். படச்சுருள்கள் கெடாமலிருக்கக் குளிரூட்டிய கட்டடம் அது. பார்வை அறையில் ஒரு திரை, ஒரு மேசை, நான்கு நாற்காலிகள். மெத்தைக்காரம்மா தானே தைத்த இரண்டு மெத்தைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காப்பகத்து நாற்காலிகளைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் கடுமையானது. பெரும்பாலான துண்டுகளில் ஒன்றும் தேறவில்லை. முதுகு காட்டி நின்றார்கள், அல்லது மீசை வாயை மறைத்தது. அக்காவுக்கு இதற்குள் கொஞ்சம் சைகை மொழி வந்திருந்தது. 'மீசை' என்பதற்குப் பதில் 'எருமை' என்று காட்டிவிட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விழித்தார்.

அப்போது ரயில் நிலையக் காட்சி ஒன்று வந்தது. நாயகன் வண்டியேறுகிறான், பின்னால் வழியனுப்பும் கூட்டம். மெத்தைக்காரம்மா சட்டென்று கையைத் தூக்கினார். பின்னோக்கி ஓட்டச் சொன்னார். மறுபடி, மறுபடி. நாயகனை அவர் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் ஓரத்தில், கூலிக்கு வந்து நின்ற யாரோ ஒரு பெண். கேமரா தன்னைப் பார்ப்பதை அறியாமல் பக்கத்தில் நின்றவளிடம் என்னவோ சொல்கிறாள். ஒரே ஒரு கணம்.

மெத்தைக்காரம்மாவின் கைகள் இந்த முறை மெதுவாக அசைந்தன.

"'சீக்கிரம் விட்டுட்டா நல்லது. பிள்ளைக்குக் காய்ச்சல்,'" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திரையில் நின்ற அந்தப் பெண் யார், எந்த ஊர், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல உலகத்தில் இப்போது யாரும் இல்லை. அவள் சொன்னது மட்டும் இன்றுதான் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இதைப் பேச்சுல சேர்த்தே ஆகணும்," என்றார் அக்கா. "கடைசியில இதைத்தான் சொல்லணும்."

மெத்தைக்காரம்மா மறுத்துத் தலையாட்டினார். "'சீக்கிரம் விட்டுட்டா நல்லது' நிச்சயம். 'பிள்ளை' நிச்சயம். காய்ச்சல்ங்கிறது என் ஊகம். அவ மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு சொல்லக்கூடாது."

"அதையும் சேர்த்தே சொல்லுவோம். நிச்சயம் எதுன்னு சொல்லுவோம், ஊகம் எதுன்னும் சொல்லுவோம். கேக்கிறவங்களே அவ மூஞ்சியைப் பார்த்துக்கட்டும்."

இருவரும் வாதிட்டார்கள், ஒருவர் வாயாலும் ஒருவர் கையாலும். நடுவில் பெண் இருவருக்குமாக மாறி மாறிப் பேசி மூச்சு வாங்கினாள். ஒரு கட்டத்தில் அவளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அக்கா தப்பும் தவறுமாகக் கைகளால் சொல்ல, மெத்தைக்காரம்மா அவர் உதடுகளைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மெத்தைக்காரம்மா இறங்கிவந்தார். சொல்லலாம்; ஆனால் 'காய்ச்சல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'அநேகமாக' என்று கட்டாயம் வர வேண்டும்.

அக்கா ஒப்புக்கொண்டார். மெத்தைக்காரம்மா தன் மெத்தையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, பொறுப்பாளரைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"அடுத்த சுருளைப் போடச் சொல்றாங்க," என்றார் அக்கா. அதை மொழிபெயர்க்க அவருக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.